கேகி மாமா தினமும் உயிர்த்தெழுவது குறித்து

புனே கேம்ப்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள யஸ்திக்கு,

சாஹேப்ஜி. உன் பெரின் மாமி எழுதுகிறேன். நீயும் டெல்னாஸும் குழந்தையும் கடவுள் கருணையில் பம்பாயில் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கூப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லாதபோது நம்பிக்கையை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானிலைக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கடிதத்தில் முதலில் நலம், அடுத்து வாழ்த்து, அதற்கும் பிறகுதான் குறை என்று எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னடெட் மர ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டிக் கற்பித்தார். அந்த வரிசையை இன்றுவரை நான் மாற்றியதில்லை. நலம் முடிந்தது. இனி வாழ்த்து.

குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்ட படத்தைப் பார்த்தேன். கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்று ஒரு கண்ணாடிக் கட்டியை வாங்குகிறாய். விற்பனைத் தகவல்களைத் துல்லியமாக வைத்திருப்பதற்கான விருது என்று கீழே எழுதியிருக்கிறாய். வீடு வாங்கக்கூடும் என்று நீங்கள் நம்புகிற ஒவ்வொருவரையும், அதாவது உங்கள் ஆட்கள் ‘லீட்’ என்று சொல்கிற ஒவ்வொரு மனிதரையும், அவர் எந்தக் கண்காட்சியில் எந்தத் தாளை நிரப்பியிருந்தாலும், சி.ஆர்.எம். என்கிற உங்கள் பெரிய கணினிப் பேரேட்டில் மயிரிழை பிசகாமல் கொண்டுவந்து சேர்ப்பது உன் ஏற்பாடு என்றும், எங்கே திறந்து பார்த்தாலும் ஒரே தகவல்தான் இருக்கும் என்றும் விளக்கம் வேறு. ஷிரின் மாசியிலிருந்து டொரான்டோ கூட்டம் வரைக்கும் எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டுகிற படம் எதை அமுக்கினால் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுத்தில்: மனமார்ந்த வாழ்த்துகள்.

இனி குறை.

உன் கேகி மாமா இறந்துவிட்டார். இது உனக்குத் தெரியும். நீ வந்திருந்தாய், சடங்குக்குப் போடுகிற வெள்ளை டக்லி அங்கி வயிற்றுப் பக்கம் இறுக்கிப் பிடிக்க, சடங்கின் பாதி நாட்கள் இருந்துவிட்டு, முக்கியமான மீட்டிங் என்று கிளம்பினாய். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நகராட்சிக்குத் தெரியும், பென்ஷன் அலுவலகத்துக்கு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது போல அவ்வளவு வேகம். தெரியாதது உன் கம்பெனிக்கு மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு குடை. மாமா போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் பந்தய மைதானத்துப் பக்கம் நடந்த வீட்டுக் கண்காட்சியில், வயதானவர்களுக்காக நீங்கள் கட்டப்போகிற ‘பொன் அந்தி’ குடியிருப்பின் விவரத் தாளை நிரப்பிக் கொடுத்தால் ஒரு குடை இலவசம் என்று பேப்பரில் வந்தது. எங்கள் வீட்டில் குடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் உன் மாமா போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் போலக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிரப்பினார். எத்தனை படுக்கையறை என்ற கேள்விக்கு நான்கு. என்ன விலைக்குள் என்றதற்கு, தடையில்லை. எப்போது வேண்டும் என்றதற்கு, உடனே. நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தாளிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: “எவ்வளவு அழகா கேள்வி கேக்கறாங்க பாரு பெரின். நம்ம வயசுக்கு, உங்களுக்கு என்ன வேணும்னு யாரு கேக்கறாங்க?” குடை முதல் காற்றிலேயே வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டது. ‘பொன் அந்தி’ அப்போது ஒரு பள்ளமும் ஒரு விளம்பரப் பலகையும்தான்; கட்டட வேலை தொடங்கியதும் கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். கட்டடம் எழும்புவதற்குள் மாமா போய்விட்டார். நான்கு படுக்கையறை, விலைக்குத் தடையில்லை, உடனே வேண்டும் என்கிற ஒரு மனிதர் உங்கள் பட்டியலில் சூடான ‘லீட்’ ஆகக் கொதித்துக்கொண்டு இருந்தார்.

பத்தாம் நாள் பிரார்த்தனை முடிந்து, இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, காலி வீட்டில் நான் டீக்கு எலுமிச்சைப்புல் நறுக்கிக்கொண்டிருந்த காலையில் அவருடைய மொபைல் அடித்தது. அந்த எண்ணை நான் ரத்து செய்யவில்லை. அவர் வழக்கமாகச் செய்வதுபோல இரவில் சார்ஜும் போட்டுவிடுகிறேன். ஒரு பொருளை வேலை செய்கிற நிலையில் வைத்திருப்பது என் பழக்கம், அவ்வளவுதான். மாமா தாளில் எழுதிய முழுப் பெயரைச் சொல்லி, கைகுஷ்ரூ சாருடன் பேச வேண்டும் என்றார் ஒருவர். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார். பிறகு கணினியைத் தட்டித் தேடினார். உங்கள் சி.ஆர்.எம்.மில் இதற்கு ஓர் இடம் இல்லையாம். ஆர்வம் உண்டு, ஆர்வம் இல்லை, பிறகு கூப்பிடவும், எடுக்கவில்லை, தவறான எண், வேறிடத்தில் வீடு எடுத்துவிட்டார். இவற்றில் ஒன்றை அமுக்கினால்தான் அடுத்த ஆளைக் கூப்பிட முடியுமாம். எதை அமுக்கட்டும் மேடம் என்று என்னையே கேட்டார். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. தவிக்கவிட எனக்கு மனமில்லை. நான் பொய் சொல்கிறவளும் இல்லை. யோசித்துப் பார்த்து, வேறிடத்தில் வீடு எடுத்துவிட்டார் என்பதை அமுக்கச் சொன்னேன்.

அன்று மத்தியானமே ஒரு பெண் கூப்பிட்டாள். வேறு இடத்தில் வீடு எடுத்தவர்களை மனம் மாற்றித் திருப்பிக் கொண்டுவர நீங்கள் தனியாக ஒரு படை வைத்திருக்கிறீர்களாமே. சார் எங்கே எடுத்திருக்கிறார் என்றாள். எனக்குக் கோபம். கோபத்தில் நான் குரலை உயர்த்துவதில்லை, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வேன். மலைமேல் என்றேன். சுற்றிலும் மரங்களா என்றாள். மரங்கள்தான், மேலே திறந்த வானம் என்றேன். அக்கம்பக்கம் எப்படி என்றாள். எல்லாரும் எங்கள் ஆட்கள்தான், சத்தம் என்பதே கிடையாது என்றேன். மெயின்டனன்ஸ் எவ்வளவு என்றாள். ஒன்றும் இல்லை, எங்கள் சமூகப் பஞ்சாயத்தே பார்த்துக்கொள்கிறது என்றேன். அவள் அசந்துவிட்டாள்.

“எந்த பில்டர் மேடம் அது? இப்படி ஒரு ஆஃபர் யாருமே குடுக்கறதில்லையே. சாருக்கு அங்க பிடிச்சிருக்கா?”

“இதுவரை குறை ஒன்றும் சொல்லலை” என்றேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அது பார்ஸிகள் நாங்கள் இறந்தவர்களைக் கொண்டு வைக்கிற மௌன கோபுரம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அழத் தொடங்கினாள். என் கணவர் இறந்ததற்கு அவள் அழ, நான் அவளைத் தேற்றி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, உன் மேலாளர் பார்ப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள் என்று சொல்லும்படி ஆயிற்று. அவள் பெயர் சாயலி. உன் கம்பெனியில் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான ஆள், நீ உட்பட.

சாயலி தன் கையால் சி.ஆர்.எம்.மில் குறிப்பு எழுதினாள்: இவர் காலமாகிவிட்டார், வீட்டாரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினாள். மறுநாள் வேறு யாரோ கூப்பிட்டு, கைகுஷ்ரூ சார் இருக்கிறாரா என்றார்கள். அவள் மறுபடி திருத்தினாள். மறுநாள் மறுபடி. கடைசியில் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்: “நாங்க பகல்ல எவ்வளவு திருத்தினாலும் ராத்திரி அந்தக் கண்காட்சி லிஸ்ட் வந்து மேல உக்காந்துடுது ஆன்ட்டி. காலைல வந்து பார்த்தா சார் மறுபடியும் மொத ஆளா நிக்கறார். யஸ்தி சார் வச்ச ரூலாம்.”

நீ ஏன் அப்படி ஒரு விதி வைத்தாய் என்பதையும் அவளே சொன்னாள். முன்பு ‘காலமானார்’ என்று ஓர் இடம் இருந்ததாம். மாதக் கடைசியில், பேசி முடிக்காத ஆட்களுக்கெல்லாம் மேலாளரிடம் பதில் சொல்ல வேண்டிய நாளில், உங்கள் ஆட்கள் மிச்சமிருந்தவர்களை அதில் தள்ளிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்களாம். மாதாமாதம் புனேயில் ஒரு கொள்ளைநோய். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், தன் மறைவுக்கு உங்கள் கம்பெனி அனுப்பிய அனுதாபச் செய்தியைத் தானே வாசித்துவிட்டு நேரில் வந்து நின்ற பிறகு, நீ அந்த இடத்தையே எடுத்துவிட்டு, கூப்பிடுகிறவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், வாங்குகிறவர் தன் கைப்பட எழுதியதுதான் உண்மை, தினமும் இரவில் அதையே எல்லா இடத்திலும் பரப்பிவிடு என்று உத்தரவு போட்டாயாம். நல்ல உத்தரவுதான். ஆனால் யஸ்தி, இதன்படி உன் மாமா தன் கைப்பட எழுதித் தந்தால்தான் அவர் இறந்ததை உன் கம்பெனி ஒப்புக்கொள்ளும்.

சாயலி விடுகிறவள் இல்லை. சார் பெயரில் இருப்பதால்தானே தொல்லை, ஆன்ட்டி பெயரில் புதிதாக ஒரு பதிவு போடுகிறேன், அது மேலே வந்துவிடும் என்றாள். என் பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டாள். எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்ற கேள்விக்கு ஒருவர் என்று சொன்னேன். சொன்ன பிறகு அந்தச் சொல் அறையிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தது. அன்று இரவு உன் ஏற்பாடு, ஒரே எண்ணில் இரண்டு பேர் இருப்பதைக் கண்டுபிடித்து, இருவரும் ஒருவரே என்று தீர்மானித்து, பழையதை வைத்துக்கொண்டு புதியதை அதற்குள் கரைத்துவிட்டது. இத்தனை வருடக் குடித்தனத்தில் கேகியால் செய்ய முடியாததை உன் இயந்திரம் ஒரே இரவில் செய்து முடித்தது. ஆக, இன்றைய தேதியில் உன் கம்பெனிக் கணக்குப்படி அவர் இருக்கிறார், நான் இல்லை.

அதன் பிறகு சாயலியும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தினமும் காலையில் அவள் பட்டியலில் அவர் முதல் ஆளாக வந்து நிற்பார். யாராவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வேறு யாரும் எடுப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிடுவாள். “ஆன்ட்டி, சார் இன்னிக்கும் வந்துட்டார்” என்பாள். என்ன வேண்டுமாம் என்பேன். “அதேதான். உடனே வேணுமாம்.” அவருக்கு எப்போதும் எல்லாம் உடனே வேண்டும், கட்லெட் வேகிற வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார் என்பேன். அவளுக்குச் சிரிப்பு. அப்படியே அவளுடைய அம்மாவின் முதுகுவலி, ஹாஸ்டல் சாப்பாட்டின் லட்சணம், பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு பல் டாக்டர் என்று பேச்சு போகும். பல் டாக்டர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வந்த இடத்தில் அவள் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தானாம். இந்தக் கட்டடத்தில் கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, மேல்வீட்டுக்காரர்கள் மகளோடு ஆக்லாந்து போய்விட்டார்கள். காலையில் டீயை எடுத்துக்கொண்டு மொபைலுக்குப் பக்கத்தில் உட்காருவது என் வழக்கமாகிவிட்டது. இதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன்.

நடுவில் முக்தாத் வந்தது. போனவர்கள் வருவதற்கென்று நமக்கு ஆண்டுக் கடைசியில் நாட்கள் இருக்கின்றன. வெள்ளிக் குவளையில் ரோஜா வைத்து, விளக்கேற்றி, முறையாக அழைக்கிறோம், முறையாக வழியனுப்புகிறோம். கான்வென்டில் சொன்னது வேறு என்றாலும் அங்கேயும் எழுந்தவர் ஒருவர்தான், அதுவும் ஒரே ஒரு முறை. தினமும் எழுப்புகிற உன் சி.ஆர்.எம். எந்த மதத்தைச் சேர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. அக்யாரியில் புனித நெருப்புக்கு முன்னால் பிரார்த்தனை நடத்துகிற தஸ்தூர்ஜி போனவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து கைகுஷ்ரூ என்று சொல்லி வாயை மூடவில்லை, என் கைப்பைக்குள் மொபைல் அடித்தது. பதறிப்போய் எதையோ அமுக்கினேன். காது மந்தமான மாமா எல்லாச் சத்தத்தையும் உச்சத்தில் வைத்திருந்தார். “கைகுஷ்ரூ சார் இருக்காரா?” என்று ஒரு குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தஸ்தூர்ஜி அப்படியே நின்றுவிட்டார். பின்வரிசையிலிருந்து பானு தாருகானாவாலா, அவளை உனக்குத் தெரியும், “இருக்கார், இருக்கார், இப்பத்தான் வந்து எறங்கினார்” என்றாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கலாம் என்று அடக்கிக்கொண்டேன். கதவைத் திறந்த பிறகுதான் யாரிடம் என்று யோசித்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன மாதம் சாயலியை நாக்பூர்த் திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே ஆளோடு தினமும் பேசுகிறாள், விற்பனை ஒன்றும் நடக்கவில்லை என்று உன் ஏற்பாடே அவளைக் காட்டிக்கொடுத்ததாம். போகிறபோது, தன்னால் சாரைச் சரியாக வழியனுப்ப முடியவில்லை என்று வருத்தப்பட்டாள். இப்போது யார் கை காலியாக இருக்கிறதோ அவர்கள் கூப்பிடுகிறார்கள். தினம் ஒரு புதிய குரல். ஒவ்வொரு குரலுக்கும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மாமா போன அன்று அந்த வாக்கியத்தைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது, நான் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுப்பில் பால் பொங்குகிற ஒரு சாதாரணக் காலையில், தெரியாத ஒருவருக்கு, நிமிர்ந்து உட்கார்ந்து, ‘என் கணவர் இறந்துவிட்டார்’ என்று முழு வாக்கியமாகச் சொல்வது வேறு. அவர்கள் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுகிறார்கள். பால் பொங்கி வழிந்திருக்கும். மறுநாள் மறுபடி. ஒரு மனிதனை எத்தனை முறைதான் நான் சாகக் கொடுப்பேன், சொல்லு.

ஆகவே என் கோரிக்கை தெளிவானது. அந்தக் கண்காட்சிப் பட்டியலிலேயே, மூலத்திலேயே, கைகுஷ்ரூ பாம்ஜி காலமானார் என்று நீயே உன் கையால் எழுது. அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் காலை நீயே திறந்து பார். எடுத்துவிட்ட அந்த இடத்தைத் திரும்பக் கொண்டுவா. யாராவது அதை அமுக்கினால் அந்த வீட்டுக்கு ஒருவரை நேரில் அனுப்பி உறுதி செய்துகொள், மரியாதையாகவும் இருக்கும். முப்பது வருடம் ஒரு மேனேஜிங் டைரக்டரின் முகவரி அட்டைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். யாராவது இறந்தால் அன்றைக்கே அட்டையை எடுத்து, மூலையில் கறுப்புக் கோடு போட்டு, வேறு பெட்டியில் வைப்பேன். அந்தப் பெட்டியிலிருந்து யாரும் திரும்பி வந்ததில்லை. இந்த வாரத்துக்குள் இது நடக்காவிட்டால், பத்திரிகை ஆசிரியருக்கு இதே கடிதத்தை உன் படத்தோடு சேர்த்து அனுப்புவேன். வெட்டி ஒட்டத் தெரியாது என்று நினைக்காதே, கத்தரிக்கோல் இருக்கிறது.

டெல்னாஸுக்கு என் அன்பு. குழந்தைக்கு மாவா கேக் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறேன், இல்லாவிட்டால் நானே தின்றுவிடுவேன். நீ நூறு வருடம் இருக்க வேண்டும், உன் கண்ணாடிக் கட்டிகள் அலமாரியை நிறைக்க வேண்டும். இங்கிருந்தே உன் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்கிறேன்; சத்தம் பலமாகவே கேட்டது.

மாறாத அன்புடனும் மாறாத புகாருடனும்,
உன் பெரின் மாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகிறபோது மொபைல் அடித்தது. நடுவயதுக் குரல், வேலைக்குப் புதிதாம், பெயர் ஓம்கார். “கைகுஷ்ரூ சார் எழுந்துட்டாரா மேடம்?” என்று கேட்டார். இருக்கிறாரா என்று கேட்டிருந்தால் சரியான பதிலைச் சொல்லியிருப்பேன், நிமிர்ந்து உட்கார்ந்தும்விட்டேன். எழுந்துட்டார், குளிக்கிறார் என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் காத்திருக்கட்டுமா என்றார். வேண்டாம், அவர் பாடிக்கொண்டே குளிப்பார், வெகுநேரம் ஆகும் என்றேன். அந்த மனிதர் சிரித்தார். சாருக்கு எந்தப் பக்கம் பார்த்த வீடு பிடிக்கும் என்று கேட்டார். கிழக்கு என்றேன். காலை வெயிலில் பேப்பர் படிக்க வேண்டும், கால் நீட்ட ஒரு மோடா போட இடம் வேண்டும், சமையலறை பக்கத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருந்த இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எனக்குத் திருப்பி வாசித்தும் காட்டினார். என் டீ ஆறிப்போகும் வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். ஓம்கார் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அது சி.ஆர்.எம்.மில் ஏறியிருக்கிறதா என்று பார். கிழக்குப் பக்க பால்கனி, மோடா, அடுத்தாற்போல் சமையலறை. இரவில் அந்தப் பட்டியல் வந்து இதைத் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்.